அப்பா படம் மாட்டிய கதவு

திருப்பூரில் ஒரு சிமெண்டு பெஞ்சு போட்டால்கூட அதன் சாய்மானத்தில் பெயர் எழுதியாக வேண்டும். போட்டவர் பெயர், அவர் அப்பா பெயர், கம்பெனிப் பெயர், இடமிருந்தால் சொந்த ஊர்ப் பெயர். அப்படிப்பட்ட ஊரில் நன்கொடை வசூலித்து டிரஸ்ட் வைத்து நடத்துகிற ஆஸ்பத்திரி எப்படி இருக்குமென்று நான் விவரிக்க வேண்டியதில்லை. குடிதண்ணீர்க் குழாய்க்கு ஒருவர் உபயம். லிஃப்டுக்கு ஒருவர் உபயம். லிஃப்டுக்குள் இருக்கும் கண்ணாடிக்குத் தனியாக இன்னொருவர் உபயம். எலும்பு டாக்டரைத் தேடி வருகிறவர், யார் யார் நினைவாக எந்தெந்தச் சுவர் எழும்பியது என்பதையெல்லாம் படித்து முடித்த பிறகுதான் டாக்டர் இருக்கிற அறையைக் கண்டுபிடிக்க முடியும். படிக்கத் தெரிந்தவர் பாடே இப்படி.

டிரஸ்டுக்குத் தலைவர் சென்னியப்பன். பனியன் கம்பெனி முதலாளி. நல்ல மனுஷர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் கெட்டவர் என்று யாருமே இல்லை. இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டாவது மனசு ஆறியிருக்கலாம்.

அந்த ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிறவள் அனுப்பிரியா. பக்கவாதம் வந்து பேச்சு போனவர்கள், பிறவியிலேயே பேச்சு தடைப்பட்ட பிள்ளைகள், தொண்டையில் ஆபரேஷன் ஆனவர்கள், இவர்களெல்லாம் அவளிடம் வருவார்கள். அவளிடம் வந்து சேர்வதற்குள் அவர்கள் படுகிற பாட்டைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. வாசலில் ஒருவர் "என்ன வேணுங்க?" என்பார். பதில் வருவதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார். கூட வந்த மனைவியோ மகனோ பாய்ந்து வந்து எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிடுவார்கள். நோயாளி பேசாமலே வந்து பேசாமலே போய்விடுவார்.

அவளிடம் வந்தவர்களில் ஒருவர் நாச்சிமுத்து. சென்னியப்பனின் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். சென்னியப்பனின் அப்பா கிட்டுசாமி ஒற்றை ஷெட்டில் தொழில் ஆரம்பித்தபோதே கூட இருந்தவர். தை மாசம் ஒரு காலையில் துணியை அடுக்கி வைத்து வெட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே மேஜைமேல் சாய்ந்துவிட்டார். காலில் முக்கால்வாசி பலம் திரும்பிவிட்டது. வலது கை சரியாகவில்லை. பேச்சு சுத்தமாகப் போய்விட்டது. எழுத்தும் போய்விட்டது. அவர் பெயரையே எழுதிக் காட்டினாலும் யாரோ அந்நியரைப் பார்ப்பது போலத்தான் பார்த்தார். ஆனால் யார் என்ன சொன்னாலும் புரியும். எதிரில் இருப்பவர் முகம் சுளித்தால் அதுவும் புரியும்.

அவர் மனைவி செல்லாத்தாள் வேறொரு கம்பெனியில் பேக்கிங்கில் இருந்தாள். ஷிஃப்டை விட்டுவிட்டு அவரைக் கூட்டிக்கொண்டு வருவாள். அனுப்பிரியா ஒரு டம்ளரைக் காட்டி, "இது என்னங்கய்யா?" என்று கேட்பாள். அவர் உதட்டைக் குவிப்பதற்குள், "டம்ளருங்க, தெரியாதுங்களா அவருக்கு? காலையில காப்பி அதுலதானுங்க குடிச்சாரு" என்று செல்லாத்தாள் முடித்துவிடுவாள். ஆசையில்தான் சொன்னாள். கட்டிய புருஷன் திணறுவதை எந்த மனைவிதான் பார்த்துக்கொண்டிருப்பாள்?

"அம்மா, நீங்க கூட இருக்கிற வரைக்கும் அவருக்குப் பேச வேண்டிய அவசியமே இருக்காதுங்க" என்றாள் அனுப்பிரியா. "முதல் ஆறு மாசந்தானுங்க நல்ல காலம். அதுக்குள்ள வர்ற பேச்சுதான் சுலுவா வரும். அப்புறம் ரொம்பக் கஷ்டம். அவரு தனியா வந்து பழகோணும்."

நாச்சிமுத்து அதைக் கேட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். இடது கையால் தன் நெஞ்சைத் தொட்டு, வாசலைக் காட்டினார். நான் வருகிறேன் என்று அர்த்தம். தனியாக வர வேண்டும் என்று மற்ற எல்லோரையும்விட அவருக்குத்தான் ஆசை இருந்தது. கம்பெனியில் தன் மேஜைக்குப் பக்கத்தில் யாரும் நின்று யோசனை சொன்னால்கூடப் பிடிக்காத மனுஷர் அவர். இப்போது குழந்தையைப் போலக் கையைப் பிடித்துக் கூட்டி வரப்படுகிறார்.

அனுப்பிரியா ஒரு யோசனையுடன் சென்னியப்பனைப் போய்ப் பார்த்தாள். ஒவ்வொரு கதவிலும் கண் மட்டத்தில் ஒரு படம். கண் டாக்டருக்குக் கண், பல்லுக்குப் பல், காதுக்குக் காது, அவளுடைய அறைக்குத் திறந்த வாய். அதே படம் நோயாளியின் கழுத்தில் தொங்கும் அட்டையிலும் இருக்கும். படத்தோடு படத்தைப் பொருத்திப் பார்த்துக்கொண்டே வந்தால் போதும், யாரிடமும் வாய் திறக்க வேண்டியதில்லை. அட்டையின் பின்பக்கத்தில் மற்றவர்கள் படிப்பதற்காக மூன்று வரி: எனக்குப் பேச வராது. நீங்கள் சொல்வது புரியும். நான் சொல்லி முடிக்கும்வரை பொறுங்கள்.

சென்னியப்பனுக்கு உடனே பிடித்துவிட்டது. "இதுல என்னுங்க அம்மிணி கஷ்டம்? பனியன் லேபிள்ல தொட்டி படமும் இஸ்திரிப்பெட்டி படமும் போட்டுத்தானே எந்த நாட்டுக்காரனுக்கும் துவைக்கச் சொல்லித் தாறோம். துணிக்குச் செஞ்சத மனுசனுக்குச் செய்ய மாட்டோமா?" என்றார். தனக்கு லேபிள் அடித்துத் தருகிறவரிடமே சொல்லி அந்த வாரமே அட்டைகளை அச்சடிக்க வைத்தார். கமிட்டியில் இருந்தவர்களை, படத்துக்குக் கீழே சின்ன எழுத்தில்தான் உபயம் போடலாம் என்று ஒத்துக்கொள்ள வைத்தார். திருப்பூரில் இது எப்பேர்ப்பட்ட சாதனை என்பது இங்கே இருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

படங்கள் கதவுகளில் ஏறின. ஒரு வெள்ளிக்கிழமை செல்லாத்தாள் வாசலிலேயே நின்றுகொள்ள, நாச்சிமுத்து கழுத்து அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு தனியாக நடந்தார். கண்ணைத் தாண்டினார், காதைத் தாண்டினார், பல்லைத் தாண்டினார். தாழ்வாரத்தின் கடைசியில் வாய். அட்டையையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தார். தட்டினார். அனுப்பிரியா கதவைத் திறந்தபோது அவர் முகத்தில் இருந்த சிரிப்பைப் பார்த்து அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றைக்குப் பயிற்சியில் அவர் "தண்ணி" என்றார். பாதி காற்றுதான், ஆனாலும் தண்ணிதான். திங்கட்கிழமை, வீடு இருக்கிற முதலிபாளையத்திலிருந்து தானே பஸ் ஏறித் தனியாக வருவதென்று முடிவாயிற்று.

இடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருந்தது.

அந்தப் பேச்சுப் பயிற்சி அறையைச் சென்னியப்பன் தன் அப்பா நினைவாகக் கட்டிக் கொடுத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைதான் அதற்கு முறையான திறப்பு விழா. அப்பாவின் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு, சந்தன மாலை போட்டு, சுற்றிலும் சின்ன பல்பு ஓடவிட்டுக் கொண்டுவந்தார்கள். எங்கே மாட்டுவது? பக்கத்துச் சுவரில் மின்சாரப் பெட்டி. எதிர்ச்சுவரில் ஜன்னல். மாட்டுவதற்கு வசதியாகக் கண் மட்டத்தில் இருந்தது கதவுதான். அதில் வாய்ப் படம் ஒட்டியிருந்தது.

"சார், அந்தப் படம் அங்கியே இருக்கோணுங்க" என்றாள் அனுப்பிரியா.

"இருக்கட்டும் கண்ணு, அதை உள்பக்கம் ஒட்டிக்கலாம். எல்லாரும் வந்துட்டாங்க, பாரு. அம்மா வேற வந்து உக்காந்துட்டாங்க" என்றார் சென்னியப்பன்.

அவருடைய அம்மா முன்வரிசையில் உட்கார்ந்து, இறந்துபோன கணவருக்கு எங்கே இடம் கிடைக்கப் போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்துக்கு எதிரில் அனுப்பிரியா என்ன வாதாட முடியும்? வாய் உள்பக்கம் போயிற்று. கிட்டுசாமி வெளிப்பக்கம் வந்தார். எல்லோருக்கும் லட்டு கொடுத்தார்கள். நாளைக்குக் காலையில் பேசிக்கொள்ளலாம் என்று அனுப்பிரியா வீட்டுக்குப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை நாச்சிமுத்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். வரவேற்பில் இருந்த சித்ராதேவிக்கு அட்டையைப் பார்த்ததும் புரிந்தது. கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகக் கூடாது, அவராகவே போகட்டும் என்று சொல்லி வைத்திருந்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டே தாழ்வாரத்தைக் காட்டினாள். அவர் நடந்தார். கண், காது, பல். கடைசியில் வாய் இல்லை. பெரிய முதலாளி இருந்தார்.

திருப்பூரில் எந்தக் கம்பெனிக்குப் போனாலும் ஸ்தாபகர் படம் மாட்டியிருக்கிற கதவு எது என்று தொழிலாளிக்குத் தெரியும். அது முதலாளி ரூம். உள்ளே வேலை இருந்தால் கூப்பிடுவார்கள். கூப்பிடாமல் போகக் கூடாது, தட்டவும் கூடாது. நாச்சிமுத்து அந்தப் பழக்கத்தில் வளர்ந்து, அந்தப் பழக்கத்தில் நரைத்தவர். அதிலும் இது வேறு யாரோ இல்லை, கிட்டுசாமியே மாலை போட்டுக்கொண்டு நிற்கிறார். நாச்சிமுத்து செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். பக்கத்தில் பெஞ்சு இருந்தும் உட்காரவில்லை. அட்டையைப் பார்த்தார். திறந்த வாய். கதவைப் பார்த்தார். மூடிய வாயுடன் முதலாளி. இத்தனை தடவை வந்த இடந்தான் என்றாலும், தான்தான் வழி தப்பி வந்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டார். சீக்காளிக்கு எப்போதும் தன்மேல்தான் முதல் சந்தேகம்.

திரும்பத் தாழ்வாரத்தின் தொடக்கத்துக்குப் போனார். மறுபடியும் ஒவ்வொரு கதவாகப் பொருத்திக்கொண்டு வந்தார். மறுபடியும் அதே முதலாளி. மறுபடியும் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். அந்தக் கதவுக்கு உள்ளேதான், படத்தைப் பற்றிச் சென்னியப்பனிடம் பயிற்சி முடிந்ததும் பேசலாம் என்றிருந்த அனுப்பிரியா, நாச்சிமுத்து ஏன் இன்னும் வரவில்லை என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காவலாளி தங்கதுரை அவரைப் பார்த்தார். தெற்கத்திக்காரர், வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது, அட்டை விஷயம் தெரியாது. "என்னய்யா, ரொம்ப நேரமா நிக்கியளே, யாரப் பாக்கணும்?" என்று அன்பாகத்தான் கேட்டார்.

நாச்சிமுத்து வாயைத் திறந்தார். "அ..." என்றார். அதற்கு மேல் வரவில்லை. கதவைக் காட்டினார். தங்கதுரைக்குக் கதவு தெரியவில்லை, தலைவருடைய அப்பா படம்தான் தெரிந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிற கோலத்தையும் பார்த்தார். "ஓ, தலைவரப் பாக்க வந்தியளா? அவுக மேல இருக்காவ, வாங்க" என்று கையைப் பிடித்தார். நாச்சிமுத்து இல்லை என்று தலையை ஆட்டினார். அவர் கூச்சப்படுகிறார் என்று தங்கதுரை நினைத்து, "சும்மா வாங்கய்யா, நல்ல மனுசன்தான்" என்று லிஃப்டில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

மேலே சென்னியப்பன் கமிட்டிக்காரர்கள் இரண்டு மூன்று பேருடன் உட்கார்ந்திருந்தார். நாச்சிமுத்துவைப் பார்த்ததும் எழுந்தே விட்டார். "அடடே, மாஸ்டர்! வாங்க வாங்க. உக்காருங்க." அவர் உட்காரவில்லை. சென்னியப்பனும் வற்புறுத்தவில்லை. மாஸ்டர் தன் முன்னால் உட்கார்ந்து அவர் பார்த்ததே இல்லை.

நாச்சிமுத்து அட்டையைக் கழுத்திலிருந்து தூக்கி முன்னால் நீட்டினார். சென்னியப்பன் அதை வாங்கிப் பார்த்து, முகமெல்லாம் மலர்ந்து, கமிட்டிக்காரர்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். "பாத்தீங்களா, நம்ம கார்டு. மொதமொதல்ல போட்டுட்டு வந்திருக்கறது நம்ம மாஸ்டர். அப்பா காலத்து ஆளுங்க." அவர்களும் வாங்கிப் பார்த்தார்கள். அச்சு நன்றாக வந்திருக்கிறது என்றார்கள்.

நாச்சிமுத்து மறுபடியும் உதட்டைக் குவித்தார். கழுத்து நரம்பு புடைத்தது. ஏதோ ஒரு ஓசை வந்தது. சென்னியப்பனுக்கு அதைப் பார்க்க மனசு கேட்கவில்லை. தலைவர் அறைக்கு வருகிறவர்கள் எதற்கு வருவார்கள் என்று அவருக்குத் தெரியும். வாரத்தில் பாதிப் பேர் பில்லைக் குறைத்துத் தரச் சொல்லித்தான் வருகிறார்கள். "நீங்க ஒண்ணுஞ் சொல்லாதீங்க மாஸ்டர். எனக்குத் தெரியாதா?" என்றார். ஃபோனை எடுத்து, நாச்சிமுத்து மாஸ்டரிடம் இனிமேல் எதற்கும் பணம் வாங்கக் கூடாது என்று பில்லிங்குக்குச் சொன்னார். நாச்சிமுத்து இல்லை இல்லை என்று தலையை ஆட்டினார். தன்மானக்காரர், அப்படித்தான் ஆட்டுவார் என்று சென்னியப்பன் நினைத்துக்கொண்டார். டிரைவரைக் கூப்பிட்டு, "மாஸ்டரை ஊட்டு வாசல்லயே எறக்கி விட்டுட்டு வா" என்றார். நாச்சிமுத்துவின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. அதைப் பார்த்துச் சென்னியப்பனுக்கும் கண் நிறைந்துவிட்டது. தோளைத் தட்டிக் கொடுத்து அனுப்பிவைத்தார்.

மத்தியானம் அனுப்பிரியா மேலே வந்தாள். "சார், நாச்சிமுத்தய்யா வரவே இல்லீங்க. செல்லாத்தாளம்மாவுக்குக் கூப்பிட்டா வேலை நேரத்துல ஃபோன் எடுக்க மாட்டேங்கறாங்க. ஆனா வந்தாருன்னு சித்ராதேவி சொல்றா."

"வந்தாரே அம்மிணி! இங்கதான் வந்தாரு. பாவம், பில்லு விசயமா வந்திருக்காரு. எல்லாம் சொல்லிட்டேன். கார்லயே ஊட்டுக்கு அனுப்பியாச்சு."

நடந்தது என்ன என்று அனுப்பிரியாவுக்கு ஒவ்வொன்றாகப் புரிந்துகொண்டு வந்தது. "சார், அவரு உங்ககிட்ட எதுவும் கேக்க வரலீங்க" என்றாள். "எங்கிட்ட வர்றதுக்கு வழி கேட்டிருக்காரு. அந்த அட்டையத் திருப்பிப் படிச்சீங்களா?"

காலையில் சென்னியப்பன் அதைப் படிக்கவில்லை. இத்தனைக்கும் அந்த மூன்று வரியையும் அச்சுக்கு அனுப்பும் முன் எழுத்துப் பிழை பார்த்தவரே அவர்தான். எழுந்து கீழே ஓடினார். தானே ஸ்டூல் போட்டு ஏறி, அப்பாவின் படத்தைக் கழற்றினார். ஓடிக்கொண்டிருந்த பல்பின் ஒயரைப் பிடுங்கிப் போட்டார். சாயந்திரத்துக்குள் வாய்ப் படம் கதவின் வெளிப்பக்கம் வந்துவிட்டது.

நாச்சிமுத்து வரவில்லை. புதன்கிழமையும் வரவில்லை, வெள்ளிக்கிழமையும் வரவில்லை. சென்னியப்பன் காரை அனுப்பினார். கார் காலியாகத் திரும்பி வந்தது. அனுப்பிரியா நேரில் போனாள். அவளைப் பார்த்ததும் அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். "என்ன நடந்துச்சுன்னே தெரியலீங்க கண்ணு" என்று செல்லாத்தாள் அழுதாள். "முதலாளி கார்ல வந்து எறங்குனாரு. அக்கம்பக்கமெல்லாம் வந்து என்ன குடுத்தாங்க, என்ன குடுத்தாங்கன்னு கேட்டுச்சு. அன்னைக்கு உள்ள போயிப் படுத்தவருதானுங்க. அந்த அட்டையப் பாத்தாலே மூஞ்சியத் திருப்பிக்கறாரு. நானே கூட்டிட்டு வாறேன்னாலும் எந்திரிக்க மாட்டேங்கறாரு."

பிச்சை கேட்கப் போனவராகத் தன்னை எண்ணிவிட்டார்களே என்பதா, பேசினாலும் கேட்க ஆளில்லை என்பதா, எது அவரை இப்படி முடக்கியது என்று யாருக்குத் தெரியும்? கேட்டால் அவரால் சொல்லவும் முடியாது. சித்திரை போயிற்று, வைகாசி போயிற்று. அனுப்பிரியா சொன்ன நல்ல காலம் கரைந்துகொண்டே இருந்தது. ஆஸ்பத்திரியில் மற்றவர்கள் அட்டையைப் போட்டுக்கொண்டு படம் பார்த்து நடந்தார்கள். வழி சுலபமாகிவிட்டது என்று பாராட்டினார்கள். பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பார்த்துக் குறித்துக்கொண்டு போனார்கள். பொன்னாடை போர்த்த வந்தவர்களிடம் சென்னியப்பன் முகம் கொடுத்துப் பேசவில்லை. பேச்சுப் பயிற்சி அறை இருக்கிற தாழ்வாரத்தின் வழியாக அவர் நடப்பதையே விட்டுவிட்டார்.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, டிரைவர் இல்லாமல் தானே வண்டியோட்டிக்கொண்டு முதலிபாளையம் போனார். காரை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு நடந்து போனார். கட்டிலில் உட்கார்ந்திருந்த நாச்சிமுத்து அவரைப் பார்த்ததும் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எழ முயன்றார்.

"எந்திரிக்காதீங்க மாஸ்டர்" என்று சென்னியப்பன் அவர் தோளை அழுத்தி உட்காரவைத்தார். தானும் எதிரில் ஒரு பிளாஸ்டிக் சேரை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. காரில் வரும்போது எவ்வளவோ யோசித்து வைத்திருந்தார்.

"தப்புப் பண்ணிட்டேனுங்க மாஸ்டர்" என்றார். "அப்பா படத்தை அங்க மாட்டியிருக்கக் கூடாது. நீங்க என்ன சொல்ல வந்தீங்கன்னு நானு கேட்டிருக்கோணும். கேக்கல. படத்தக் கழட்டிட்டேனுங்க. இப்ப வாய்ப் படந்தான் இருக்குது. அனுப்பிரியா உங்களத்தான் கேட்டுட்டு இருக்குது. மறுபடியும் வாறீங்களா?"

"வருவாருங்க, நீங்களே வந்து கூப்புட்டும் வராமப் போவாருங்களா? நாளைக்கே..." என்று செல்லாத்தாள் ஆரம்பித்தாள்.

சென்னியப்பன் கையெடுத்துக் கும்பிட்டார். "அம்மா, நீங்க கொஞ்சம் பேசாம இருங்க. அவரு சொல்லட்டும்."

வீடு அமைதியாகிவிட்டது. வெளியில் யாரோ குடத்தில் தண்ணீர் பிடிக்கும் சத்தம் கேட்டது. நாச்சிமுத்து சென்னியப்பன் முகத்தையே பார்த்தார். உதடு அசைந்தது, நின்றது. கண்ணை மூடினார். மறுபடியும் உதடு அசைந்தது. சென்னியப்பனுக்கு நாக்கு நுனியில் ஆறுதல் வார்த்தைகள் முட்டிக்கொண்டு நின்றன. பல்லைக் கடித்துக்கொண்டார். சும்மா இருப்பது இவ்வளவு கஷ்டம் என்று அவருக்கு அதுவரை தெரியாது. செல்லாத்தாள் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"வே..." என்றார் நாச்சிமுத்து. மூச்சை இழுத்தார். இடது கை கட்டில் சட்டத்தை இறுக்கிப் பிடித்தது.

"வேண்டாமுங்க."

முழு வார்த்தை. தெளிவாக, மரியாதையாக, ஒரு எழுத்தும் சிதையாமல் வந்தது.

செல்லாத்தாள் குதித்தே விட்டாள். "பேசிட்டாருங்க! ஐயோ, முருகா, முழுசாப் பேசிட்டாருங்க! கேட்டீங்களா?" சிரித்தாள், அழுதாள், வாசலுக்கு ஓடிப் பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டாள். அவர் என்ன சொன்னார் என்பது அவள் காதில் ஏறவே இல்லை.

"கேட்டேனுங்க" என்றார் சென்னியப்பன். கிட்டுசாமி காலத்திலும் சரி, தன் காலத்திலும் சரி, எத்தனை ராத்திரி சரக்கு அனுப்ப வேண்டியிருந்தாலும், எவ்வளவு அவசரம் என்றாலும், நாச்சிமுத்து ஒரு தடவைகூட முடியாது என்று சொன்னதில்லை. இப்போது சொல்லிவிட்டார். மறுபடி கேட்கலாம், கெஞ்சலாம். ஆனால் இவ்வளவு பாடுபட்டு ஒரு மனுஷர் சொன்னதை மாற்றிச் சொல்லுங்கள் என்று எந்த வாயால் கேட்பது?

நாச்சிமுத்து தலையைக் குனிந்துகொண்டார். வேர்த்திருந்தது. சென்னியப்பன் எழப் போனபோது செல்லாத்தாள் பூரிப்புடன் உள்ளே ஓடி வந்து, "இருங்க, இருங்க, காப்பி வெக்கறேன். குடிக்காமப் போகக் கூடாதுங்க" என்றாள். அவளிடம் வேண்டாம் என்று சொல்ல அவருக்கு மனசு வரவில்லை. உட்கார்ந்து, அந்தக் காப்பியைக் குடித்துவிட்டுத்தான் போனார்.